பேர் தொலைந்த பாட்டு

உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரை ஒரு தடவை திறந்து பாருங்கள். 'ஸாங்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'நியூ ஸாங்ஸ்'. அதற்குள் 'நியூ ஸாங்ஸ் 2'. அதற்குள் 'டிராக் 07' என்று ஒரு பாட்டு! க்ளிக் செய்தால் ஜோராகப் பாடும். யார் பாடியது, எந்தப் படம், எந்த வருஷம்? ம்ஹூம்... பாட்டு பத்திரமாக இருக்கிறது, பேர் மட்டும் போயே போச்சு!

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலையில் காணப்பட்டது என்பது என் அபிப்பிராயம். 1970-களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. பின்னாலேயே லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் செய்கிற தொழிற்சாலைகள் வந்தன. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். ஏற்கெனவே அங்கே வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், எல்லை தாண்டினால் கன்னடம். இப்படிப்பட்ட ஊரில், 2000-களின் பிற்பகுதியில், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி செல்போன் கடைகள் முளைத்தால் என்ன ஆகும்? ஷிப்ட் முடிந்து வருகிறவர் மெமரி கார்டைக் கழற்றிக் கொடுப்பார். 'இளையராஜா கொஞ்சம், ராஜ்குமார் கொஞ்சம், புதுசு கொஞ்சம் போடுப்பா!' கடைப் பையன் தன் கம்ப்யூட்டரிலிருந்து மொத்தமாக அள்ளிப் போடுவான். (பெரும்பாலும் திருட்டு காப்பிதான். அந்தப் பஞ்சாயத்து இப்போது வேண்டாம்.) அள்ளும்போது பாட்டு வந்துவிடும். பேர் வந்ததா என்று யார் பார்த்தார்கள்?

2016-ல் ஜியோ வந்து டேட்டாவைக் கொட்டிக் கொடுத்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. கார்டுகள் மட்டும் மேஜை இழுப்பறைகளில், பழைய ரேஷன் கார்டோடும் துருப்பிடித்த சாவியோடும் கிடக்கின்றன.

பாட்டும் அதன் பேரும் இரண்டு தனித்தனிப் பொருட்கள். ஒன்றோடொன்றை யாராவது கட்டி வைத்தால்தான் சேர்ந்து இருக்கும். இந்தக் கட்டுகிற வேலைக்கு நம் நாட்டில் 120 வருஷத்துக்கு மேல் சரித்திரம் உண்டு. அதை ஆரம்பித்து வைத்தவர் ஒரு பெண்மணி.

1902-ம் வருடம் லண்டனிலிருந்து கிராமபோன் கம்பெனியின் ஆள் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். கூடவே ஒரு பெரிய புனல், மெழுகுத் தட்டுகள். மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. புனலுக்குள் முகத்தை விடாத குறையாகப் பாட வேண்டும். அதுவும் மூன்றே நிமிடம்! மணிக்கணக்கில் ராகத்தை விரித்துப் பழகிய நம் வித்வான்களுக்கு இது தூக்குத் தண்டனை மாதிரி. பலர் 'போய்யா' என்று ஒதுங்கிக்கொள்ள, நவம்பரில் அந்தப் புனல் முன்னால் வந்து நின்றவர் கௌஹர் ஜான். ஆர்மீனிய வம்சாவளி, பிறந்தபோது வைத்த பெயர் ஏஞ்சலினா. ரெக்கார்டிங்குக்கு வருகிறபோதெல்லாம் புது உடை; போட்ட நகையை மறுபடி போட்டு அவர் பார்த்ததே இல்லை என்று கைஸ்பெர்க் பிற்பாடு வாயைப் பிளந்து எழுதியிருக்கிறார்.

பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் ஒரு காரியம் செய்தார். கணீரென்ற குரலில், ஆங்கிலத்தில், 'என் பெயர் கௌஹர் ஜான்!' என்று கத்தினார். சிலர் இதைத் தற்பெருமை என்று நினைத்தார்கள். காரணம் வேறு. அன்றைக்கு இந்தியாவில் ரெக்கார்டு அச்சடிக்கும் தொழிற்சாலை கிடையாது. மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே இருக்கிற ஜெர்மன்காரருக்கு தும்ரியும் தெரியாது, தாத்ராவும் தெரியாது. தட்டைப் போட்டுக் கேட்பார். கடைசியில் வருகிற கத்தலை வைத்துத்தான் லேபிளில் பேர் ஒட்டியாக வேண்டும். கத்தாமல் விட்டிருந்தால் கௌஹர் ஜானின் பாட்டு இன்னொருவர் பேரில் ஊர் திரும்பியிருக்கலாம்! 1908-ல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகு இந்தக் கத்தல் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

இந்த அம்மையார் கடைசிக் காலத்தில் வந்து சேர்ந்த இடம் மைசூர். 1928-ல் அரண்மனைப் பாடகியாக நியமிக்கப்பட்டார். 1930 ஜனவரியில் அங்கேயே இறந்தார். பிறகு ஏறக்குறைய மறந்தே போனார்கள். பெங்களூர்க்காரரான விக்ரம் சம்பத் மைசூர் ராஜ வம்சத்தைப் பற்றி எழுதுவதற்காக அரண்மனைப் பழைய ஃபைல்களைக் கிளறியபோது அதில் கௌஹர் ஜான் கிடைத்தார். 2010-ல் அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினார் சம்பத். அதோடு நிற்கவில்லை. பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து டிஜிட்டலாக மாற்றி, எல்லோரும் இலவசமாகக் கேட்கும்படி வைக்க 'ஆர்க்கைவ் ஆஃப் இண்டியன் மியூசிக்' என்று ஓர் அமைப்பும் தொடங்கினார். ஓசூரிலிருந்து நாற்பதே கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் நடந்த வேலை இது.

அந்தத் தட்டுகளில் நம்மூர்ப் பெண்களும் இருக்கிறார்கள். சேலம் கோதாவரி என்று ஒருவர். தென்னிந்தியாவில் ஆரம்பத்திலேயே ரெக்கார்டு கொடுத்த பெண்களில் முக்கியமானவர். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்றைக்குச் சேலம் ஜில்லாதான் என்பது ஞாபகமிருக்கட்டும் (1965-ல்தான் தர்மபுரி பிரிந்தது, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி). அப்புறம் கோயமுத்தூர் தாயி. பிறந்தபோது பழனி குஞ்சரம். ஏராளமான தட்டுகள் கொடுத்துவிட்டு 1917-ல், நாற்பத்தைந்து வயது வாக்கில் காலமானார்.

தாயியின் தட்டு பண்ணிய வேலையைக் கேளுங்கள். மோரிஸ் தெலாஜ் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். இசையமைப்பாளர். 1912 வாக்கில் இந்தியா வந்தவர், தாயியின் குரலில் சொக்கிப்போனார். அவர் பாடிய அருட்பா தட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பியானோவும் குரலுமாக எழுதினார். வைத்த பெயர் 'ராகமாலிகா'. நம் தோல் வாத்தியத்தின் 'தொம்' என்ற சத்தம் பியானோவில் எப்படி வரும்? ஒரு கம்பிக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார்! வள்ளலார் வடலூரில் உருகியது பாரிஸில் அட்டை வைத்த பியானோவில் கேட்டது... சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி ஜாஸ்தி.

சேலம், கோயமுத்தூர், பெங்களூர் என்று ஊர்ப் பேரையே இனிஷியல் மாதிரி போட்டுக்கொண்ட இந்தப் பெண்களில் பலர் தேவதாசி மரபில் வந்தவர்கள். அடுத்த தலைமுறையில் 'கௌரவமான' சமூகம் அவர்களுடைய பாட்டை எடுத்துக்கொண்டு பேரை சௌகரியமாக மறந்தது. லேபிள் மறக்கவில்லை. அரக்குத் தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் பேர் நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பிடிலும் மிருதங்கமும் வாசித்தவர்கள் பலருக்கு அந்த பாக்கியம் கூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலான லேபிள்களில் அவர்களுக்கு இடம் ஒதுக்கவில்லை. வாசிப்பு இன்றைக்கும் கேட்கிறது... ஆள்?

காகிதம் கிழிந்தால்? அதற்கும் வழி இருந்தது. லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில், தட்டிலேயே பொடி எழுத்தில் ஓர் எண் கீறியிருக்கும். மேட்ரிக்ஸ் எண். எந்தப் பயணத்தில், எத்தனையாவதாகப் பதிவானது என்று கம்பெனிப் பேரேட்டில் அந்த எண்ணுக்கு நேராக எழுதியிருப்பார்கள். மைக்கேல் கின்னியர் என்ற ஆராய்ச்சியாளர் இந்த எண்களோடு மல்லுக்கட்டித்தான் இந்தியாவின் முதல் ரெக்கார்டுகளின் பட்டியலைத் திரட்டி 1994-ல் புத்தகமாகப் போட்டார். சுவாரஸ்யம் பார்த்தால் டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும். ஆனால் அந்த மாதிரிப் புத்தகம் இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் கறுப்புத் தட்டு.

சரி, மெமரி கார்டுக்கு வருவோம்.

எம்.பி.3 என்ற சங்கதி வந்தபோது அதை உருவாக்கிய ஜெர்மன் விஞ்ஞானிகள் ஒலியைச் சுருக்குவதில் குறியாக இருந்தார்களே தவிர, பாட்டுக்குப் பேர் எழுத இடம் விடவில்லை. 1996-ல் எரிக் கெம்ப் என்பவர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். பாட்டு முடிகிற இடத்தில், ஃபைலின் வாலில், 128 பைட் ஒட்டு. முதல் மூன்று எழுத்து 'டேக்' என்ற அடையாளம். பிறகு பாட்டுப் பேருக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. கூட்டிப் பாருங்கள், சரியாக 128 வரும். ஏன் வாலில்? பழைய பிளேயர்கள் தலையில் எதையாவது பார்த்தால் குழம்பும். பாட்டெல்லாம் முடிந்த பிறகு வந்தால் தொந்தரவில்லை. கௌஹர் ஜான் ஹானோவருக்காகக் கையாண்ட அதே டெக்னிக்... பாடி முடித்துவிட்டுக் கடைசியில் பேரைச் சொல்!

ஆனால் கெம்ப் போட்ட கட்டங்கள் நம் ஊருக்குத் தைத்த சட்டை இல்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் பேரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் விடும் இடைவெளியோடு 31 எழுத்து வருகிறது. கட்டத்தில் 30-க்குத்தான் இடம். கடைசி எழுத்து வெட்டுப்பட்டு 'பாகவத' என்று நிற்கிறார் மனுஷன். மரியாதை விகுதியே போச்சு! இசை வகைக்கு ஒரு பட்டியல் உண்டு, மொத்தம் 80. போல்கா இருக்கிறது, காபரே இருக்கிறது, கர்னாடக சங்கீதம் இல்லை. பிற்பாடு வின்ஆம்ப் பிளேயர்காரர்கள் பட்டியலை நீட்டியபோது இந்தியாவிலிருந்து ஓர் ஊருக்கு இடம் கொடுத்தார்கள். எது தெரியுமா? கோவா! அதுவும் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் விடிய விடிய ஆடிய டிரான்ஸ் இசைக்காக.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். 'ஆர்ட்டிஸ்ட்' என்ற கட்டம் பண்ணிய குழப்பத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. நமக்கு ஒரு சினிமாப் பாட்டென்றால் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று குறைந்தது மூன்று பேர் சொந்தக்காரர்கள். கட்டம் ஒன்றுதான். ஒருவர் அதில் எஸ்.பி.பி. என்று போடுவார், இன்னொருவர் இளையராஜா என்று போடுவார். இளையராஜாவுக்கு ஆங்கிலத்தில் எத்தனை 'ஏ', எத்தனை 'எல்' என்பதில் ஆளுக்கொரு கொள்கை. விளைவு? ஒரே ஆள் உங்கள் லைப்ரரியில் ஆறு பேராக வசிக்கிறார்!

ஓசூர்க்காரர் ஒருவரையே உதாரணம் சொல்கிறேன். ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி. ராஜாஜி பிறந்த கிராமம். அவர் எழுதி எம்.எஸ். பாடிய 'குறை ஒன்றும் இல்லை' தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது? அதற்கு ராகமாலிகையாக மெட்டமைத்தவர் கடையநல்லூர் வெங்கடராமன். 128 பைட்டில் எம்.எஸ். பேர் வந்துவிடும். தொரப்பள்ளிக்காரருக்கும் கடையநல்லூர்க்காரருக்கும் அங்கே கட்டமே கிடையாது. 1998-ல் வந்த அடுத்த பதிப்பு டேக்கில் எழுதியவர், இசையமைத்தவர், மொழி எல்லாவற்றுக்கும் இடம் விட்டார்கள். ஆனால் அதற்குள் கோடிக்கணக்கான பாட்டுகள் பழைய வாலோடு ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டன. மொழிக்குக் கட்டம் இல்லாதது சென்னைக்காரரை உறுத்தியிருக்காது. ராஜ்குமாருக்குக் கன்னடத்தில் பாடியது பி.பி.ஸ்ரீனிவாஸ். ஜெமினி கணேசனுக்குத் தமிழில் பாடியதும் பி.பி.ஸ்ரீனிவாஸ். ஓசூர் மெமரி கார்டில் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும்.

தமிழிலேயே பேர் எழுதினால்? எழுதினார்கள். யூனிகோட் பரவாத காலம் அது. டிஸ்கி, டாப், டாம் என்று எழுத்துரு முறைகள் ஆளுக்கொன்று. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் ஐரோப்பியக் கொம்பு முளைத்த எழுத்துக்களும் சதுரங்களும்தான். தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றதே 2010-ல்.

இப்போது அந்த இழுப்பறைக் கார்டு. செருகுகிறீர்கள், 'காலி' என்கிறது. யாரோ எப்போதோ அழித்துவிட்டார்கள். போச்சா?

இல்லை. மெமரி கார்டில் பெரும்பாலும் 'ஃபாட்' என்ற முறையில்தான் ஃபைல்கள் இருக்கும். அதில் பேர்களுக்குத் தனி அட்டவணை, பாட்டுக்குத் தனி இடம். நீங்கள் 'அழி' என்றதும் கம்ப்யூட்டர் அட்டவணையில் அந்தப் பேரின் முதல் எழுத்தை அடித்து, அங்கே 'ஈ5' என்று ஒரு குறியைப் போடும். 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான். பாட்டு அப்படியே கிடக்கும், மேலே வேறொன்று வந்து உட்காரும்வரை. ஆகவே முதல் விதி: அந்தக் கார்டில் புதிதாக ஒரு ஃபோட்டோ கூட ஏற்றாதீர்கள்.

ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாட்டையும் தோண்டும். அட்டவணையை அது சீண்டுவதே இல்லை. கார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிக்கொண்டே போய், எம்.பி.3-யின் அங்க அடையாளம் எங்கே தட்டுப்படுகிறதோ அங்கே வெட்டி எடுத்துக் கொடுக்கும். பேர்? 'எஃப்' என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும். ஆயிரம் பாட்டும் கைதி எண் குத்தியதுபோல் வரிசையாக வந்து நிற்கும். இந்த இடத்தில்தான் கெம்ப்பின் வால் கைகொடுக்கிறது. அட்டவணை அழிந்தாலும் ஃபைலின் உடம்போடு ஒட்டிய 128 பைட் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். அதைப் படித்து ஃபைலுக்கு மறுபடி பேர் வைக்க மென்பொருள்கள் உண்டு. ஐபாட் வைத்திருந்தவர்களுக்கும் இதே கதி, இதே வைத்தியம். அதற்குள் பாட்டெல்லாம் அர்த்தமில்லாத நாலெழுத்துப் பேரில் ஒளிந்திருக்கும். விவரமெல்லாம் ஒரே ஒரு பட்டியலில். பட்டியல் கெட்டால் டேக்தான் கதி.

இதற்கு நேர்மாறான துக்கமும் உண்டு. பேர் இருக்கும், பாட்டு இருக்காது. ஐட்யூன்ஸில் பாட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து நிற்குமே, அது. ஃபைலை நீங்கள் வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தால் பரவாயில்லை, புது விலாசம் காட்டினால் பிழைத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கே போயிருந்தால் குறி நிரந்தரம். 1931-ல் வந்த நம் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' அப்படித்தான் நிற்கிறது. தேதி தெரியும், டி.பி.ராஜலட்சுமி நடித்துப் பாடினார் என்பது தெரியும், படச்சுருள் இல்லை. மைஸ்பேஸ் என்ற அமெரிக்க இணையதளம் சர்வர் மாற்றும்போது பன்னிரண்டு வருஷப் பாட்டுகளைத் தொலைத்துவிட்ட கதை 2019-ல் வெளியே வந்தது. போனது ஐந்து கோடிப் பாட்டு என்றார்கள். ஆராய்ச்சிக்காக யாரோ முன்னமே இறக்கி வைத்திருந்ததில் சுமார் 4,90,000 பாட்டுகள் திரும்பக் கிடைத்தன. நூற்றுக்கு ஒன்று!

டேக்கும் போய், பேரும் போனால்? கைரேகை இருக்கிறது. 2002-ல் பிரிட்டனில் ஷஸாம் என்ற கம்பெனி, செல்போனில் 2580-ஐ அழுத்திப் பாட்டுப் பக்கம் காட்டினால் பேரை எஸ்.எம்.எஸ். அனுப்பும் வித்தையைக் காட்டியது. பாட்டின் ஒலி அலைகளில் குறிப்பிட்ட புள்ளிகளை எடுத்து ஒரு ரேகை தயாரித்து, தன் கிடங்கில் ஒப்பிடும். இன்று மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற இலவசத் தகவல் களஞ்சியங்கள் இருக்கின்றன. 'பிக்கார்ட்' என்ற அதன் மென்பொருள் உங்கள் எஃப்-எண் கைதிகளை ஒவ்வொருவராகக் கைரேகை பார்த்துப் பேர் சொல்லும். அசந்துபோவீர்கள்.

ஆனால் அந்தக் கிடங்கில் பேர் எப்படி வந்தது? எவரோ ஒரு புண்ணியவான் எங்கோ உட்கார்ந்து டைப் அடித்தார். சி.டி. காலத்திலிருந்தே இந்தக் கதைதான். ஆடியோ சி.டி.க்குள் பெரும்பாலும் பாட்டுப் பேர் இருக்காது. 1993 வாக்கில் டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் என்ற இருவர், பாட்டுகளின் நீளத்தை வைத்தே சி.டி.யை அடையாளம் காணும் ஒரு பட்டியலை ஆரம்பித்தார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது. உலகம் பூராவும் ஆட்கள் சம்பளமில்லாமல் டைப் அடித்தார்கள். பிறகு அது விலைபோய், கிரேஸ்நோட் என்ற வியாபாரமானது. 'நாங்கள் அடித்ததை எங்களுக்கே விற்கிறாயா?' என்று கோபப்பட்டவர்கள் ஆரம்பித்தவைதான் மியூசிக்பிரெய்ன்ஸ் வகையறா.

மெஷினுக்குப் பிடிபடாத இடமும் உண்டு. 1981-ல் சங்கர் நாக் இயக்கி நடித்த கன்னடப் படம் 'கீதா'. இளையராஜா இசை. அதில் வந்த ஒரு மெட்டை 1984-ல் தமிழில் 'நூறாவது நாள்' படத்தில் கேட்டோம். 2007-ல் இந்தியில் 'சீனி கம்' படத்தில் மறுபடி வந்தது. கைரேகை மென்பொருளுக்கு இவை மூன்றும் சம்பந்தமில்லாத மூன்று பாட்டுகள். ஏனென்றால் அது ஒப்பிடுவது ஒலிப்பதிவை. ஓசூரில் ஒரு டீக்கடையில் வானொலி அதைப் பாடினால், பெஞ்சில் இருப்பவர் முதல் ஐந்து விநாடியில் சொல்லிவிடுவார்... 'ஏ, இது நம்ம கீதா பாட்டு இல்ல?'

அந்தக் கார்டிலிருந்து தோண்டி எடுத்ததில் சினிமாப் பாட்டுக்கெல்லாம் எப்படியாவது பேர் கிடைத்துவிடும். கிடைக்காதவை எவை என்று பாருங்கள். ஊர்த் திருவிழாவில் செல்போனில் பிடித்த நாதஸ்வரம். சித்தப்பா கல்யாணத்தில் பாட்டி பாடிய நலங்கு. கெலமங்கலம் பக்கம் யாரோ தெலுங்கில் பாடிய நடவுப் பாட்டு. இவற்றுக்கு உலகத்தின் எந்தக் கிடங்கிலும் ரேகை கிடையாது. வீட்டில் பெரியவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். பாடினவர் யார், எந்த ஊர், எந்த வருஷம், பக்கத்தில் மேளம் அடித்தது யார் என்று கேட்டு, அன்றைக்கே டேக்கில் அடித்துவிடுங்கள். தமிழிலேயே அடிக்கலாம். முப்பது எழுத்தைத் தாண்டினாலும் கவலையில்லை, புது டேக்கில் தாராளமாக இடம் இருக்கிறது.